கட்டுமான லொறி மோதிக் காயப்பட்டால்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கட்டுமான லொறியால் காயப்பட்டவர் ஒன்ராறியோவில் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி, “அந்த நேரம் நீங்கள் வேலையில் நின்றீர்களா?” என்பது. யாருடைய பிழை என்பது அதற்குப் பிறகுதான். வீதி திருத்தும் இடத்தில் ‘ஸ்ரொப்’ பலகை பிடித்து நின்ற தொழிலாளியையும், அதே வழியால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன தாயையும் ஒரே டம்ப் டிரக் இடித்தாலும், இருவரும் தட்டவேண்டிய கதவு வேறு, நிரப்பவேண்டிய படிவம் வேறு, தவறவிடக்கூடாத நாளும் வேறு. புதிதாக வந்த எங்கள் ஆட்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த நாட்களைத் தவறவிடுவதால்தான்.

விபத்து நடந்த இடத்தில்

காயம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் 911ஐ அழையுங்கள். “பொலிஸ் வேண்டாம், நாங்களே முடித்துக்கொள்வோம்” என்று சாரதி சொன்னால் கேட்காதீர்கள். காயம் உள்ள விபத்தைப் பொலிசுக்கு அறிவிப்பது சட்டக் கட்டாயம். அம்புலன்ஸ் பணியாளர் எழுதும் குறிப்பே உங்கள் காயத்தின் முதல் சாட்சி. மூன்று நாள் கழித்துக் கழுத்து நோகிறது என்று முதன்முறையாக வைத்தியரிடம் போனால், அந்த மூன்று நாளைக் காட்டியே காப்புறுதி நிறுவனம் வாதாடும்.

லொறியை மட்டும் படம் எடுத்தால் போதாது. கதவில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயர், லொறியின் இலக்கத் தகடு, பின்னால் இழுவை இருந்தால் அதன் தகடு (இரண்டும் வேறு வேறு), ஏற்றியிருந்த மண் அல்லது கல் மூடப்பட்டிருந்ததா, ரயர் தடம், வீதியில் வைத்திருந்த செம்மஞ்சள் கூம்புகள், எச்சரிக்கைப் பலகைகள் எல்லாம் படத்தில் வரவேண்டும். பலர் மறப்பது சைற் வேலியில் தொங்கும் பலகையை. அங்கேதான் பிரதான ஒப்பந்தக்காரரின் பெயர் இருக்கும். லொறி ஒருவருடையது, ஓட்டியவர் இன்னொருவரின் சம்பளத்தில், மண்ணை ஏற்றியவர் மூன்றாமவர் என்று இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். சாரதியின் லைசன்ஸ், காப்புறுதி அட்டை இரண்டோடு, பார வாகன நடத்துநருக்கு மாகாணம் கொடுக்கும் சி.வி.ஓ.ஆர். சான்றிதழையும் படம் எடுங்கள்.

பதற்றத்தில் “சொறி” என்று வாயில் வந்துவிட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை. ஒன்ராறியோவின் 2009ஆம் ஆண்டு மன்னிப்புச் சட்டப்படி, மன்னிப்புக் கேட்டது பிழையை ஒப்புக்கொண்டதாகச் சிவில் வழக்கில் எடுக்கப்படாது. ஆனால் “நான் லைற்றைப் பார்க்கவில்லை” என்பது மன்னிப்பு அல்ல, வாக்குமூலம். ஆங்கிலம் முழுதாக விளங்காவிட்டால் தலையாட்டாமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பொலிசிடம் சொல்லுங்கள்.

வேலையில் இல்லாதபோது அடிபட்டால்

இங்கே இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று, பிழை யாருடையதானாலும் கிடைக்கும் விபத்து நலன்கள். மற்றது, பிழைவிட்டவர் மேல் போடும் நட்டஈட்டு வழக்கு.

விபத்து நலன்களை லொறியின் காப்புறுதியிடம்தான் கேட்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்களிடம் கார் இருந்தால், நீங்கள் நடந்துபோகும்போது அடிபட்டிருந்தாலும் உங்கள் சொந்தக் காப்புறுதியிடமே கேட்கவேண்டும். உங்களிடம் இல்லாமல் கணவன் அல்லது மனைவியிடம் இருந்தால் அவருடைய காப்புறுதி. யாரையாவது தங்கி வாழ்கிறீர்கள் என்றால் அவருடையது. இவை ஒன்றும் இல்லாத பாதசாரிக்குத்தான் இடித்த லொறியின் காப்புறுதி. குடிவரவு நிலை இதில் தடை அல்ல. அகதிக் கோரிக்கையாளர், மாணவர், விசிற்றர் விசாவில் வந்த அம்மா அப்பா எல்லாரும் கேட்கலாம். ஓஹிப் (மாகாணத்தின் அரச மருத்துவக் காப்புறுதி) அட்டை இல்லாத விசிற்றருக்கு இது இன்னும் முக்கியம்.

விபத்து நடந்து 7 நாட்களுக்குள் அந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும். அவர்கள் அனுப்பும் ஓ.சி.எப். 1 விண்ணப்பத்தை, கையில் கிடைத்து 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். வைத்தியசாலையில் கிடந்ததால் பிந்திவிட்டால் விட்டுவிடாதீர்கள். நியாயமான காரணத்தை எழுத்தில் சொல்லி அனுப்பலாம்.

சுளுக்கு, தசைப்பிடிப்பு, கழுத்து உலுக்குக் காயம் (விப்லாஷ்) போன்றவற்றை நிறுவனம் ‘சிறுகாயம்’ என்று வகுத்தால் சிகிச்சைக்கு உச்சம் 3,500 டொலர். அதற்கு மேற்பட்ட காயத்துக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் சேர்த்து 65,000, பேரிழப்புக் காயம் என்றால் 10 இலட்சம். லொறி இடித்தவருக்கு எலும்பு முறிவோ தலையில் அடியோ இருந்தும், முதல் நாள் படிவத்தில் “கழுத்து நோ” என்று மட்டும் எழுதப்பட்டதால் 3,500க்குள் அடைபடுவது நடக்கிறது. தலைசுற்று, மறதி, நித்திரையின்மை, பயம் என்று எல்லாவற்றையும் குடும்ப வைத்தியரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்கள் ஆட்கள் உடல் நோவைச் சொல்வார்கள், மன உளைச்சலைச் சொல்லமாட்டார்கள். பதிவில் இல்லாததற்கு நட்டஈடு வாங்குவது மிகக் கடினம்.

வருமான இழப்புக்கு மொத்தச் சம்பளத்தில் 70 வீதம், கிழமைக்கு 400 டொலர் வரை என்பது நெடுநாள் ஏற்பாடு. 2026 ஜூலை 1 முதல் எழுதப்படும், புதுப்பிக்கப்படும் பொலிசிகளில் இது நீங்களாகக் கேட்டு வாங்கவேண்டிய ஒன்றாக மாறுகிறது. கிழமைச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் சில டொலர் மிச்சம் பிடிப்பதற்காக இதை விடவேண்டாம். காப்புறுதி முகவரிடம் “வருமான இழப்பு நலன் இருக்கிறதா?” என்று நேராகவே கேளுங்கள்.

லொறி நிறுவனத்தின் மேல் வழக்கு

பாதசாரியை வாகனம் மோதினால், தன் கவனயீனத்தால் அது நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சாரதிக்கும் உரிமையாளருக்கும் உரியது. நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 193ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டப்பட்ட லொறி என்றால் சாரதியின் பிழைக்கு உரிமையாளரும் பொறுப்பு. சரியாக ஏற்றாத கல் விழுந்ததா, பிரேக் பராமரிப்பில் குறையா, போக்குவரத்தைக் கட்டுப்படுத்த ஆள் நிறுத்தாத ஒப்பந்தக்காரரா என்று பார்த்து, பொறுப்புள்ள எல்லாரையும் முதலிலேயே சேர்க்கவேண்டும். பல பிரதிவாதிகள் பிழை என்று தீர்ப்பானால், பொதுவாக ஒருவரிடமே முழுத்தொகையையும் அறவிடலாம். உங்கள் பக்கம் பிழை இருந்தால் அந்த வீதம் கழியும். சீற் பெல்ற் போடாதது அடிக்கடி வரும் கழிவு.

வழக்குத் தொடரப் பொதுவாக 2 வருடம். வழக்குப் போடும் எண்ணத்தை 120 நாட்களுக்குள் பிரதிவாதிக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். அது பிந்தினால் வழக்கு சாகாது, ஆனால் செலவுத் தொகை தீர்மானிக்கும்போது நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம். மிகக் குறுகிய நாள் இன்னொன்று இருக்கிறது. வீதியின் பழுதும் காரணம் என்று நகரசபையைச் சேர்ப்பதானால் 10 நாட்களுக்குள் நகரசபை எழுதுவினைஞருக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும்.

லொறி வழக்கு கார் வழக்கிலிருந்து பிரியும் இடம் சான்றுகள். லொறியின் எஞ்சின் கணினியில் வேகமும் பிரேக் பிடித்த நேரமும் பதிவாகும். லொறி திருத்தப்பட்டு மீண்டும் ஓடினால் அது அழியக்கூடும். சாரதியின் வேலைநேரக் குறிப்பு, அன்றாடப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை நிறுவனம் 6 மாதம்தான் வைத்திருக்கக் கட்டாயம். கடைக் கமராக்கள் சில நாட்களிலேயே பழையதன் மேல் எழுதிவிடும். ஆகவே இவற்றை அழிக்கவேண்டாம் என்று கோரும் கடிதம் முதல் கிழமையிலேயே போகவேண்டும். சட்டத்தரணியைப் பிடிக்க அவசரப்படுவதற்கு உண்மையான காரணம் இதுதான்.

நோவுக்கும் துன்பத்துக்குமான நட்டஈடு, காயம் நிரந்தரமும் கடுமையும் ஆனது என்று காட்டினால்தான் கிடைக்கும். அதிலும் 2025இல் 46,000 டொலருக்கு மேல் கழிக்கப்பட்டது. தொகை ஏறக்குறைய 156,000ஐத் தாண்டினால் அந்த ஆண்டு கழிவு இருக்கவில்லை. வருமான இழப்புக்கு இந்தக் கழிவும் இல்லை, காயம் நிரந்தரம் என்று காட்டும் நிபந்தனையும் இல்லை. ஆகவே சம்பளத் துண்டு, ரி4 (முதலாளி தரும் வருடச் சம்பளச் சீட்டு), வரிக் கணக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வேலையில் அடிபட்டால்

கட்டுமானத் தொழிலில் அநேகமாக எல்லாரும், வேலையிடக் காயத்துக்கு நட்டஈடு கொடுக்கும் மாகாணச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்குள் அடங்குவர். முதலாளி உங்களைப் பதிவு செய்யாமல் காசாகச் சம்பளம் தந்திருந்தாலும் உரிமை போகாது. முதலாளி 3 வேலை நாட்களுக்குள் படிவம் 7 அனுப்பவேண்டும். அவர் அனுப்பாவிட்டாலும் நீங்கள் படிவம் 6ஐ 6 மாதத்துக்குள் அனுப்புங்கள். வருமான இழப்புக்குக் கழிவுகள் போன சம்பளத்தில் 85 வீதம் கிடைக்கும். “சுகமில்லை என்று லீவு போடு, வைத்தியச் செலவை நான் பார்க்கிறேன்” என்று முதலாளி சொன்னால் சம்மதிக்காதீர்கள். வேலையிடக் காயத்தை மறைப்பது அவருக்குக் குற்றம், உங்களுக்கு நட்டம்.

இடித்த லொறிச் சாரதியும் இதே திட்டத்தில் அடங்கிய நிறுவனத்துக்காக வேலையில் இருந்தால், பொதுவாக அவர்மேல் வழக்குப் போட முடியாது. அவர் திட்டத்துக்கு வெளியே என்றால், டபிள்யூ.எஸ்.ஐ.பி.யா வழக்கா என்று 3 மாதத்துக்குள் தெரிவு செய்யவேண்டும். அந்தப் படிவத்தைச் சட்ட ஆலோசனை இல்லாமல் நிரப்பாதீர்கள். சைற்றுக்குள் எக்ஸ்கவேற்றரோ லோடரோ இடித்தால் அது ‘வாகனம்’ என்று எடுக்கப்படாமல் போகலாம். அப்போது மேலே சொன்ன விபத்து நலன்களும் கழிவு விதிகளும் பொருந்தாமல் போகக்கூடும்.

கையெழுத்து

சிகிச்சை நிலையத்தில் வெற்றுச் சிகிச்சைத் திட்டப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். பெறாத சிகிச்சைக்கும் பில் போனால் உங்கள் 3,500தான் கரையும். எந்த நாள் போனீர்கள், என்ன செய்தார்கள் என்று வீட்டுக் கலண்டரில் எழுதி, காப்புறுதி நிறுவனம் அனுப்பும் நலன் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

வைத்தியசாலைக்கே வந்து பெயர் அட்டை நீட்டுபவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் (லோ சொசைற்றி) பரிந்துரைச் சேவையில் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். பராலீகல் (சட்டத்தரணி அல்லாத, உரிமம் பெற்ற சட்டப் பணியாளர்) விபத்து நலன் தகராற்றைப் பார்க்கலாம், லொறி நிறுவனத்தின் மேல் உயர் நீதிமன்ற வழக்கை நடத்த முடியாது. வென்றால் நட்டஈட்டில் ஒரு வீதம் சட்டத்தரணிக்கு என்ற ஒப்பந்தத்தில், தோற்றால் வைத்திய அறிக்கைச் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

லொறியின் காப்புறுதி அஜஸ்ரர் (கோரிக்கையை விசாரிக்கும் அலுவலர்) அழைத்துக் குரல் பதிவு கேட்டால் கொடுக்கவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உங்களுக்கு விபத்து நலன் கொடுக்கும் காப்புறுதிக்குத்தான் தகவல் கொடுக்கும் கடமை. விபத்து நலன்களை மொத்தமாக முடிக்கும் உடன்பாட்டை விபத்தாகி ஒரு வருடத்துக்கு முன் செய்யச் சட்டம் விடாது. அதன் பிறகு செய்தாலும் 2 வேலை நாட்களுக்குள் விலகலாம். “இனி எதுவும் கேட்கமாட்டேன்” என்று கையெழுத்திடச் சொல்லி லொறித் தரப்பு நீட்டும் விடுதலைப் பத்திரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டாம் கிழமையில் 5,000 டொலர் காசோலையோடு அது வந்தால், எம்.ஆர்.ஐ. முடிவு வரும்வரை உறையை மேசையிலேயே வைத்திருங்கள்.