கடற்சாமந்தி வளர்ப்பு: சென்னைத் தொட்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோமாளி மீன் வாங்கும் நாளிலேயே அதற்குத் துணையாக ஒரு கடற்சாமந்தியையும் (sea anemone, பூப்போல் விரியும் கரங்கள் கொண்ட கடல் விலங்கு) வாங்கிவிடுவது, சென்னையில் உப்புநீர்த் தொட்டி வைப்பவர்கள் பலரிடம் காணப்படும் வழக்கம். தொட்டி அமைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அடுத்த சில வாரங்களில் கடற்சாமந்தி சுருங்கி, வெளுத்து, கரைந்து போகும். அதன் ஆயுள் அவ்வளவுதான் என்று எவராவது சொன்னால் நம்பியும் விடுகிறோம். உண்மை அதுவல்ல. ஸ்காட்லாந்தில் இயற்கையியலாளர் சர் ஜான் டாலியெல் 1828-இல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்து கண்ணாடிக் குடுவையில் வளர்த்த ஒரு கடற்சாமந்தி, அவர் காலத்துக்குப் பிறகும் பலர் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது. அது குளிர்கடல் இனம் என்பது சரிதான். ஆனால் கோமாளி மீன்கள் குடியிருக்கும் வெப்பக்கடல் இனங்களும் பல்லாண்டு வாழக்கூடியவையே. நம் வீடுகளில் அவை சாவதற்குப் பெரும்பாலும் நோயோ முதுமையோ காரணமில்லை, நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும் நீர்தான் காரணம்.

புதுத் தொட்டியில், கழிவிலிருந்து உருவாகும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீனுக்கு அது போதும், கடற்சாமந்திக்குப் போதாது. காரத்தன்மையும் நைட்ரேட் அளவும் ஏறி இறங்குவது அடங்கி, தொட்டி நிலைப்பட ஏறக்குறைய ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மீன் தனியாகத் தவிக்குமே என்ற கவலை தேவையற்றது. கடலில் எதிரிகளிடமிருந்து தப்பவே கோமாளி மீன் கடற்சாமந்தியை நாடுகிறது. எதிரி இல்லாத தொட்டியில் அது இல்லாமலேயே நன்றாக வாழ்ந்து, முட்டையும் இடும். பொரிப்பகத்தில் பிறந்த மீன்கள் கடற்சாமந்தியைப் பார்த்தே இராதவை.

கொளத்தூர்க் கடைகளிலோ வேறெங்கோ வாங்கும்போது நிறத்தில் மயங்குவது அடுத்த தவறு. உடலுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் கடற்சாமந்திக்கு உணவின் பெரும்பகுதியைத் தருகின்றன. அந்தப் பாசிகள் இருப்பதற்கு அடையாளம் பழுப்பு அல்லது பச்சை கலந்த நிறம். பளீரென்ற வெள்ளையாக இருப்பது பாசிகளை இழந்து பட்டினி கிடக்கும் உயிர். எலுமிச்சை மஞ்சளாகவோ அடர் நீலமாகவோ ஒரே சீராகத் தெரிந்தால் சாயம் ஏற்றியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழியாமல் இருக்கிறதா, கரங்கள் ஒட்டும் தன்மையோடு இருக்கின்றனவா என்று கடைத்தொட்டியிலேயே பார்த்துவிடுங்கள். முதன்முறை வளர்ப்பவர்களுக்கு நுனி உருண்ட ‘பபிள் டிப்’ இனமே ஏற்றது. கம்பள வகை அரை மீட்டருக்கு மேல் விரியும், சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும். இரண்டடித் தொட்டி அதற்கு இடமல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவிலிருந்து எந்த உயிரையும் எடுப்பது குற்றம் என்பதால், எங்கிருந்து வந்தது என்று கடையில் கேட்பது வாங்குபவரின் கடமை.

இனி நீர். பல பகுதிகளில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1000-ஐத் தாண்டும், மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இதனால் வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரே போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். குடிநீருக்கான அந்தக் கருவிகள் பலவற்றில், சுவைக்காக வடிகட்டாத நீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கிறது. அதைவிட ஆபத்து, செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள புது மாடல்கள். மனிதருக்கு நல்லது என்று விற்கப்படும் அந்தச் செம்பு, மிகச் சிறிய அளவிலேயே முதுகெலும்பில்லாத கடல் உயிர்களைக் கொல்லும். கேன் தண்ணீரும் கேனுக்குக் கேன் மாறும். எஞ்சிய உப்புகளையும் நீக்கும் டி.ஐ. ரெசின் பொருத்திய தனி ஆர்.ஓ. வைத்து, டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டும் நீரில்தான் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். மெரினாவிலிருந்து குடத்தில் கடல்நீர் கொண்டுவருவோரும் உண்டு. கூவமும் அடையாறும் கழிவைச் சுமந்து கலக்கும் கரையோர நீர் அது, அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் உப்பளவும் குறைந்துவிடும்.

நல்ல நீரை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று இருப்பதுதான், என் பார்வையில், மிக அதிகமான கடற்சாமந்திகளைக் கொன்ற தவறு. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் தொட்டியில், மேலே விசிறி ஓடும் மே மாதத்தில் சில நாள்களில் 10 லிட்டர் ஆவியானால், மீதியுள்ள நீரின் உப்பளவு கிட்டத்தட்ட 39 கிராமாக உயரும். குறைந்ததை உப்புநீரால் நிரப்பினால் மேலும் 350 கிராம் உப்பு சேர்ந்து, அந்த உயர்வு நிலைத்துவிடும். நன்னீரை ஒரேயடியாக ஊற்றினால் உப்பளவு சடாரென்று விழும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தினமும் காலையும் மாலையும் ஆர்.ஓ. நீரை அந்தக் கோடு வரை மெல்ல ஊற்றுவது எளிய வழி. தானியங்கிக் கருவி இன்னும் நல்லது. ஒப்படர்த்தி (நன்னீரைவிட உப்புநீர் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 1.025 முதல் 1.026 வரை நிற்க வேண்டும். உப்பளவை, ஒளி விலகலைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரின் முள்ளை நம்ப முடியாது.

வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. 30-ஐத் தாண்டி நீடித்தால் நுண்பாசிகள் வெளியேறத் தொடங்கும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளுத்ததும் இதே வெப்பத்தால்தான். கத்திரி வெயிலில் சென்னை வீட்டின் அறையே 33 டிகிரியில் இருக்கும்போது, பம்பும் விளக்கும் சேர்ந்து தொட்டியை இன்னும் சூடாக்கும். நம் ஊரின் ஈரக்காற்றில் விசிறியால் ஓரளவுக்கு மேல் குளிர்விக்க முடியாது. இரவில் ஏ.சி. போட்டு, காலையில் அணைத்துவிட்டு அலுவலகம் போகும் வீடுகளில் தொட்டியின் வெப்பம் ஒவ்வொரு நாளும் நான்கைந்து டிகிரி ஏறி இறங்குகிறது. ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். சில்லர் என்ற நீர் குளிர்விக்கும் கருவியை வாங்க முடியாதவர்கள் சென்னையில் கடற்சாமந்தி வளர்க்க வேண்டாம் என்பதே நான் சொல்வது. வாங்கியவர்களும் அதை மூடிய அலமாரிக்குள் வைத்துவிடக் கூடாது. அது வெளியே தள்ளும் சூடு அங்கேயே சுற்றி, சில்லர் பயனற்றுப் போகும். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. குறைந்தது ஒரு பேட்டரி ஏர் பம்பாவது வீட்டில் இருக்கட்டும்.

இடம் பிடிக்காவிட்டால் கடற்சாமந்தி ஊர்ந்து போகும். நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டின் உறிஞ்சு துளைகளைப் பஞ்சால் மூடாமல் விட்டால், இரவில் நகர்ந்து அதில் சிக்கிச் சிதையும். சிதைந்த துண்டுகள் நீர் முழுவதும் பரவி மீன்களையும் கொல்லும். பஞ்சை வாரம் ஒருமுறை அலசாவிட்டால் அடைத்துக்கொள்ளும். நாம் நினைத்த இடத்தில் நிற்கவில்லை என்று பாறையிலிருந்து நகத்தால் பெயர்ப்பது பெருந்தீங்கு, ஏனெனில் பாதத்தில் விழும் கிழிசல் எளிதில் ஆறாது. அது தேர்ந்துகொண்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சாதாரண டியூப் லைட் போதாது, பவளத்துக்கான எல்.இ.டி. வேண்டும், அதையும் முதல் நாளே முழு அளவில் எரியவிடாமல் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். உணவாக வாரம் ஒன்றிரண்டு முறை, பாதி நிலக்கடலைப் பருப்பு அளவுள்ள பச்சை இறால் துண்டு போதும். பெரிய துண்டை விழுங்கி, மறுநாள் அழுகிய நிலையில் கக்கிவிடும்.

மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்திட வேண்டும். கொசுவுக்கு அடிக்கும் ஸ்பிரேயிலும் லிக்விடிலும் உள்ள பைரெத்ராய்டு வகை நஞ்சு நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடியது, ஏர் பம்ப் அறைக்காற்றோடு அதையும் உறிஞ்சி நீரில் சேர்க்கும். தொட்டி உள்ள அறையில் கொசுவலையே நல்லது.

சுருங்கிய கடற்சாமந்தியைக் கண்டு பதறி அதைத் தொட்டு, புரட்டி, இடம் மாற்றுவோர் பலர். கழிவை வெளியேற்ற அது அவ்வப்போது சுருங்கி, பழுப்பு இழைகளைக் கக்கி, சில மணி நேரத்தில் மீண்டும் விரியும், அது இயல்பு. வாய் திறந்தபடி தொங்கி, பாதம் எதையும் பற்றாமல், உடல் கூழாகக் கரைந்து, அருகே முகர்ந்தால் அழுகல் நாற்றம் வந்தால் அது இறந்துவிட்டது. அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல், கையுறை அணிந்து முழுவதுமாக எடுத்துவிட்டு, நீரில் கலந்த அழுக்கை ஈர்க்கும் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, முன்னரே கலந்து வைத்த உப்புநீரில் கால் பங்கையாவது மாற்றி, அம்மோனியா பூஜ்யத்துக்குத் திரும்பும் வரை தினமும் சோதிக்க வேண்டும்.