மழை லீவுக்கு ஒரு குல்லா: இரண்டு ஊசி, ஒரே அசைவு

காஷ்மீரிலும் இமாசலத்திலும் பனி கொட்டி வழி அடைபட்டால் ஆட்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து கம்பளி பின்னுவார்கள். நம் மூணாறில் பனி என்றால் ஜனவரி விடியற்காலையில் செண்டுவாரை, லாக்காடு பக்கம் புல்மேல் வெள்ளையாகப் படிந்து கிடக்கும் உறைபனிதான். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். அதைப் பார்க்க வருகிற கார்கள்தான் வழியை அடைக்கும்.

நம்மை வீட்டுக்குள் பூட்டுவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. ரெட் அலர்ட், கலெக்டர் அறிவித்த லீவு, கேப் ரோட்டில் மண்சரிவு, இரவுப் பயணத்துக்குத் தடை. கரண்டு போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி மறையூர் மழைமறைவுப் பகுதி. அங்கே கரும்புக் காட்டில் வெயில் அடிக்கிறது என்று யாராவது போன் பண்ணிச் சொன்னால் இன்னும் எரிச்சலாக வரும்.

இப்படிப்பட்ட நாளுக்கு என்ன வேலை எடுக்கலாம் என்று கேட்டால், கண்ணுக்கு வேலை கொடுக்காத எதையும் எடுக்கலாம் என்பேன். எம்பிராய்டரி அழகுதான். ஆனால் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டின் ஒற்றை ஜன்னலில் வருகிற மழைக்கால வெளிச்சத்தில் அரை மணி நேரம் செய்தால் தலைவலி நிச்சயம். ஸ்வெட்டர் பின்னுகிற கைவேலை அப்படியில்லை. பழகிவிட்டால் விரல்களே பார்த்துக்கொள்ளும், கண்ணும் வாயும் சும்மா இருக்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் பெண்கள் முதுகில் அடுப்பெரிக்கும் மட்கரிக் கூடையைச் சுமந்து நடந்துகொண்டே பின்னியிருக்கிறார்கள். ஊசியைச் செருகிவைக்க இடுப்பில் ஓட்டை போட்ட தோல்பட்டை கட்டிக்கொள்வார்கள். நமக்கு அந்த அளவுக்கு வேண்டாம், உட்கார்ந்தே பின்னலாம்.

முதல் வேலையாகப் பலரும் மஃப்ளரைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது நீண்டுகொண்டே போகும், பாதியில் அலமாரிக்குப் போய்விடும். குல்லா சீக்கிரம் முடியும், மறுநாளே தலையில் போடலாம். ஒரு நீள்சதுரத் துண்டு பின்னி, மடித்துத் தைத்தால் குல்லா. அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை

உல்லன் நூல் 100 கிராம். கடையில் உல்லன் என்று கேட்டால் தருவதில் பாதிக்கு மேல் அக்ரிலிக் நூலாகத்தான் இருக்கும். இந்த ஊர் மழைக்கு அதுவே நல்லது, சீக்கிரம் காயும். மெல்லிய பேபி நூல் வேண்டாம், கொஞ்சம் தடித்ததாகக் கேளுங்கள். நிறம் முக்கியம். கறுப்பு, கருநீலம், மெரூன் எல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரே இருட்டாகத் தெரியும், கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை, எண்ண முடியாது. மஞ்சள், இளம்பச்சை, வெளிர்நீலம் மாதிரி எடுங்கள். முடிபோல் சிலிர்த்துக்கொண்டிருக்கும் நூலையும் தொடாதீர்கள், தப்பைப் பிரிக்க வராது.

ஸ்வெட்டர் ஊசி ஒரு ஜோடி, 8ஆம் நம்பர். அதன் தடிமன் 4 மில்லிமீட்டர். நம்மூர் ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் கணக்கு இன்னும் இருக்கிறது. அதில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். 12ஆம் நம்பர் தடியாக இருக்கும் என்று நினைத்து வாங்கினால் 2.75 மில்லிமீட்டர் ஊசி கைக்கு வரும், குல்லா ஓணத்துக்கும் முடியாது. அலுமினிய ஊசி துருப்பிடிக்காது. மூங்கில் ஊசியில் கண்ணி வழுக்காது, புதுக் கைக்கு அதுதான் நல்லது.

இதோடு ஒரு கோணி ஊசி, கத்தரிக்கோல், இன்ச் டேப், இரண்டு ஊக்கு. மே மாதமே வாங்கி வைத்துவிடுங்கள். மழை பிடித்த பிறகு நூலுக்காக மலைக்குக் கீழே போடிக்கு இறங்க முடியாது.

முதல் கண்ணி

நூல் நுனியில் ஒரு சாண் விட்டுவிட்டு ஒரு வளையம் போடுங்கள். உருண்டைப் பக்கத்து நூலைக் கொஞ்சம் அந்த வளையத்துக்குள் இழுத்தால் இழுப்பு முடிச்சு கிடைக்கும். அதை ஊசியில் மாட்டி, விழாத அளவுக்கு இறுக்கவும். கண்ணி ஊசிமேல் தாராளமாக நகர வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களின் கைக்கு எல்லாவற்றையும் இறுக்கத்தான் தோன்றும், அதை மட்டும் அடக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கண்ணி ஏற்றுவது

இதற்குப் பல முறைகள் உண்டு. நான் சொல்லுவது ஒன்றுதான், ஏனென்றால் பின்னுவதற்கும் இதே அசைவு. ஒன்றைக் கற்றால் இரண்டும் வந்துவிடும்.

கண்ணி உள்ள ஊசி இடது கையில், வெறும் ஊசி வலது கையில். மனதில் நாலு சொல் வைத்துக்கொள்ளுங்கள்: நுழை, சுற்று, இழு, ஏற்று.

நுழை: வலது ஊசியின் முனையைக் கண்ணிக்குள் இடமிருந்து வலமாக, முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு நுழைக்கவும். இரண்டு ஊசியும் பெருக்கல் குறிபோல் நிற்கும், வலது ஊசி பின்னால் இருக்கும்.

சுற்று: உருண்டையிலிருந்து வரும் நூலை வலது ஊசிக்குப் பின்புறமாக இடப்பக்கம் கொண்டுபோய், இரண்டு ஊசிகளுக்கும் இடையில் முன்னால் கொண்டுவந்து வலப்பக்கம் விடவும். கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் ஒரே ஒரு சுற்று. சாண் அளவு விட்ட வால் நூலை எடுத்துச் சுற்றிவிடாதீர்கள், ஐந்தாறு கண்ணியில் அது தீர்ந்துபோகும்.

இழு: சுற்றிய நூலோடு வலது ஊசி முனையைப் பழைய கண்ணி வழியாக மெதுவாக முன்பக்கம் இழுக்கவும். வலது ஊசியில் புதுக் கண்ணி ஒன்று வந்திருக்கும்.

ஏற்று: அந்தப் புதுக் கண்ணியை இடது ஊசியில் மாட்டவும். இப்போது இரண்டு கண்ணி. அடுத்தது புதுக் கண்ணிக்குள் நுழை, சுற்று, இழு, ஏற்று.

முதலில் 20 கண்ணி மட்டும் ஏற்றுங்கள், மாதிரித் துண்டுக்காக.

பின்னுவது

முதல் மூன்றும் அதேதான். நாலாவது மட்டும் மாறும்: நுழை, சுற்று, இழு, விடு. புதுக் கண்ணியை இடது ஊசிக்குக் கொண்டுபோக வேண்டாம், அது வலது ஊசியிலேயே இருக்கட்டும். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். இடது ஊசி காலியானால் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். இப்படியே பின்னினால் இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாக வரும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு. வரிசையை எண்ணி மண்டை காய வேண்டாம், வரப்பை விரலால் தடவி எண்ணலாம், இருட்டிலும் முடியும்.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலாக ஏறிக் கிடந்தால் முதல் கண்ணி இரண்டாகத் தெரியும். இரண்டையும் பின்னினால் கண்ணி கூடும், துண்டு வரிசைக்கு வரிசை அகன்றுகொண்டே போகும். தொடங்கும் முன் நூல் கீழே தொங்கிப் பின்பக்கம் போகிறதா என்று ஒரு பார்வை போதும்.

கண்ணி நழுவி விழுந்தால் பதறி இழுக்காதீர்கள். முதலில் ஊக்கை அதில் மாட்டுங்கள். ஒரு வரிசைதான் இறங்கியிருந்தால் அப்படியே ஊசியில் ஏற்றிவிடலாம். நாலைந்து வரிசை இறங்கிவிட்டால் அதுவரை பிரிப்பதே சுலபம். அக்ரிலிக் நூல் பிரித்துப் பின்னினாலும் கெட்டுப்போகாது.

வரிசையின் நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால், திரும்பி வந்ததும் எந்த ஊசி எந்தக் கை என்று குழப்பம் வரும். உருண்டையின் நூல் எந்த ஊசியிலிருந்து தொங்குகிறதோ அது வலது கை. கட்டன் சாயா கொதித்து அடுப்பில் வழிகிற வீட்டில் இது அடிக்கடி உதவும்.

அளவு பார்ப்பது

மாதிரித் துண்டில் பத்து வரப்பு வந்ததும் அகலத்தை அளக்கவும். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு இறுக்கம், அதனால் அடுத்தவர் கணக்கு நமக்கு ஒத்துவராது. பெரியவர்களின் குல்லாவுக்கு உயரம் 24 சென்டிமீட்டர் வைக்கலாம், கீழே ஒரு மடிப்பும் கிடைக்கும். உங்கள் 20 கண்ணி 9 சென்டிமீட்டர் என்றால் 24 சென்டிமீட்டருக்கு 53 கண்ணி. 10 சென்டிமீட்டர் என்றால் 48.

அத்தனை கண்ணி ஏற்றிப் பின்னத் தொடங்குங்கள். இந்தத் துண்டைப் பக்கவாட்டில் திருப்பித்தான் தலையில் வைக்கப் போகிறோம். ஏற்றிய அகலம் குல்லாவின் உயரம், பின்னிப் போகும் நீளம் தலையின் சுற்றளவு. வரப்புப் பின்னல் நீளவாக்கில் நன்றாக இழுபடும், ஆகவே தலையைக் கவ்விப் பிடிக்கும். தலைச் சுற்றளவை அளந்து அதில் 5 சென்டிமீட்டரைக் குறைத்துக்கொள்ளுங்கள். 54 என்றால் 49 வரை பின்ன வேண்டும். கிட்டத்தட்ட நூறு வரப்பு. பத்தாயிரம் கண்ணி வாக்கில் வரும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் நாலு நாள் அடைமழைக்கு இது அதிகமில்லை.

இந்த இடத்தில்தான் பொழுது நகரும். இருபதாவது வரப்புக்குப் பிறகு கை தானாக ஓடும், அப்போது பெரியவர்களைப் பேசவிடுங்கள். 1924 வெள்ளத்தை இங்கே இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள், மலையாளக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1099. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய ரயிலை அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. மலைமேல் டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிப் பக்கம் கம்பிவடத்தில் தேயிலை இறங்கியது, போடியிலிருந்து மலையேறி வேலைக்கு வந்த கதை எல்லாம் வரும். பின்னுகிறவர் கேட்டுக்கொண்டே இருப்பார் என்று தெரிந்தால் பெரியவர்கள் நிறுத்தவே மாட்டார்கள்.

கண்ணி இறக்கி மூடுவது

நீளம் வந்ததும் இரண்டு கண்ணி பின்னுங்கள். வலது ஊசியில் முதலில் வந்த கண்ணியை இடது ஊசி முனையால் தூக்கி, இரண்டாவதைத் தாண்டி வெளியே விடுங்கள். ஒன்று மிச்சம் இருக்கும். இன்னொன்று பின்னி, திரும்பவும் தாண்டவிடுங்கள். தளர்வாக இறக்குவது நல்லது. கடைசிக் கண்ணி வந்ததும் இரண்டு முழம் நூல் விட்டு வெட்டி, அந்த நுனியைக் கண்ணி வழியாக இழுத்துவிடவும்.

அந்த நூலைக் கோணி ஊசியில் கோத்து, தொடக்க ஓரத்தையும் முடிவு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் குழாய்போல் ஆகும். மேல் விளிம்பு முழுக்க ஓட்டுத்தையல் போட்டு, சுருக்குப்பை வாய்போல் இழுத்து, உள்பக்கம் முடிச்சுப் போடவும். வால் நூல்களை விரல் நீளத்துக்குப் பின்னலுக்குள் ஓட்டி மறைத்து வெட்டுங்கள்.

ஈரமானால் விறகடுப்புக்கு மேல் கொடியில் போடாதீர்கள், அக்ரிலிக் சூட்டில் உருகும். இஸ்திரியும் கூடாது. துண்டில் சுருட்டி அமுக்கி, விரித்துப் போட்டால் போதும்.

பிள்ளைகளுக்கு

சின்னப் பிள்ளைகளிடம் ஊசி கொடுத்தால் வாள்சண்டைதான் நடக்கும். மிச்ச நூலைக் கொடுங்கள். நாலு விரலைச் சேர்த்து அறுபது சுற்று சுற்றி, கழற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, இரு பக்க வளையங்களையும் வெட்டினால் குஞ்சம். குல்லா உச்சியில் வைத்துத் தைக்கலாம்.

பெரிய பிள்ளைகளுக்கு ஆடுபுலி ஆட்டம். தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து, மூன்று புலிக்குப் புளியங்கொட்டை, பதினைந்து ஆட்டுக்குத் தேயிலைக் கொட்டை. ஆடுகளை ஒவ்வொன்றாக வைப்பார்கள், பதினைந்தும் வைத்து முடியும்வரை ஆடு நகரக் கூடாது. நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். புலிகள் நகர வழியில்லாமல் அடைத்தால் ஆட்டுக்கு ஜெயம். பின்னுகிறவர் ஆட்டுப் பக்கம் எடுங்கள். புலிக்காரர் யோசிக்கிற நேரத்தில் பாதி வரிசை ஓடிவிடும். பல்லாங்குழி வேண்டாம், அதற்கு ஒரு கை எப்போதும் குழியிலேயே இருக்கும். இருட்டிவிட்டால் விடுகதை. "அள்ளலாம், கிள்ள முடியாது, அது என்ன?" என்று கேட்டால், இந்த ஊர்ப் பிள்ளை பதில் சொல்லாமல் ஓட்டுக்கு அடியில் வைத்த வாளியைக் காட்டும்.

கைக்குழந்தைக்குச் செய்வதென்றால் உயரம் 16 சென்டிமீட்டர், நீளம் தலைச் சுற்றளவில் 3 சென்டிமீட்டர் குறைவு. குஞ்சம் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.