கோயிலா, கோவிலா? பழைய படத் தொகுப்புக்குச் சொற்பட்டியல் அமைப்பது

படங்களைப் பதியும் ஒருவர் ‘கோவில்’ என்கிறார், அடுத்தவர் ‘கோயில்’, இன்னொருவர் ‘ஆலயம்’. தேடும்போது ஒரே பொருள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். கட்டுப்படுத்திய சொற்பட்டியலில், அதாவது எந்தச் சொல்லால் பதிய வேண்டும் என்று முன்பே வரையறுத்த பட்டியலில், ஒரு கருத்துக்குத் தலைச்சொல் ஒன்றுதான். மற்றவற்றை அழிக்கக் கூடாது. மாற்றுச்சொல்லாக வைத்துத் தலைச்சொல்லுக்கு வழிகாட்ட விடுங்கள்.

முதலில் தொகுப்பின் பல பகுதிகளிலிருந்தும் 200 படங்களை எடுத்து, தேடி வருபவர் எந்தச் சொல்லால் கேட்பார் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். படத்தைப் பார்க்காமல் போடும் பட்டியலில் ஆளில்லாத தலைப்புகள்தான் பெருகும்.

ஆயத்தப் பட்டியல்களும் உண்டு: வேளாண்மைக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அக்ரோவாக், மருத்துவத்துக்கு மெஷ், கலைக்கும் கட்டடத்துக்கும் கெட்டி நிறுவனத்தின் ஏஏடி. ஒவ்வொரு கருத்துக்கும் அவை தரும் அடையாள எண்ணை எடுத்துக்கொண்டு, தமிழ்ச் சொல்லை நீங்களே இடுங்கள். மொழிபெயர்த்து ஒட்டினால், ஆங்கிலத்தில் ‘டவர்’ என்று ஒன்றாகிவிடும் இரண்டும் இங்கும் ஒன்றாகிவிடும். நமக்கு வாசல்மேல் எழுவது கோபுரம், கருவறைமேல் எழுவது விமானம். அந்த விமானமும் பறக்கும் விமானமும் குழம்பாமலிருக்க அடைப்புக்குறி போடுங்கள்: விமானம் (கோயில்), விமானம் (வானூர்தி).

‘சோழர் காலத் தஞ்சாவூர்ச் சிற்பம்’ என்று ஒரே தலைப்பாகக் கட்டாதீர்கள். 10 பொருள், 20 ஊர், 6 காலம் என்றால் அப்படி 1,200 தலைப்புகள் வரும். படப் பதிவில் பொருள், ஊர், காலம் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) வைத்தால் 36 சொற்களே போதும். பொருளைக் கூறுகளாகப் பிரித்து வகைப்படுத்தும் இந்த வழியில்தான், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பை வெளியிட்டார்.

சொற்பட்டியலுக்கான எக்செல் தாளில் எண், தலைச்சொல், மாற்றுச்சொல், மேல்சொல், தொடர்புச்சொல், விளக்கக் குறிப்பு என ஆறு பத்திகள் வையுங்கள். பெரும்பாலும் கோளாறு மேல்சொல்லில், அதாவது பரந்த வகையைக் குறிக்கும் சொல்லில்தான். ‘இது அதில் ஒரு வகையா?’ என்று கேளுங்கள். குடைவரைக் கோயில் ஒரு வகைக் கோயில், சரி. தேர் கோயிலின் வகை இல்லை, அது தொடர்புச்சொல்.

ஊர்ப்பெயர்களில் அவசரம் வேண்டாம். ‘மெட்ராஸ்’ எல்லாவற்றையும் சென்னைக்கு மாற்றிவிடத் தோன்றும். 1969 வரை மாநிலத்துக்கும் அதே பெயர் என்பதால், 1950களின் படக்குறிப்பில் அது நகரமா மாநிலமா என்று பார்த்தே பதிய வேண்டும்.

தட்டச்சிலும் ஒரு பொறி உண்டு. ‘கௌரி’யை ஔகாரக் குறியிட்டும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்புக்குப் பின் ‘ள’ சேர்த்தும் அடிக்கலாம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு. கொம்பும் காலுமாக இரண்டாகத் தட்டிய ஒகரக் குறியை யூனிகோடு சீராக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் கணினி முறை) சேர்த்துவிடும். இந்த ‘ள’வை அது தொடாது. ‘கெள’ என்று தேடிப்பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் திருத்துங்கள். ‘கெளுத்தி’ போன்றவை சரியானவை, மொத்தமாக மாற்றினால் கெட்டுவிடும்.

பட்டியல் முடிந்ததும் இருவர் ஒரே 50 படங்களைத் தனித்தனியே பதியட்டும். சொல் வேறுபடும் இடத்தில் பெரும்பாலும் விளக்கக் குறிப்பு போதவில்லை என்று பொருள். அதைத் திருத்தி, புதிதாக வேறு 50 படங்களைக் கொடுங்கள். பின்னாளில் தலைச்சொல்லை மாற்ற நேர்ந்தால் பழையதை மாற்றுச்சொல்லாக்குங்கள். எண் மட்டும் மாறவே கூடாது, ஏற்கெனவே பதிந்த படங்களெல்லாம் அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன.