புது டெக்னாலஜி க்ளாஸ்ரூமையே மாத்திடும்னு சொன்னா எப்படி செக் பண்றது

ஆப், டேப்லெட், இப்போ ஏஐ, எது வந்தாலும் "இனி டீச்சிங்கே வேற லெவல்"னு ஒரு டெமோ போடுவாங்க. உடனே தலையாட்டவும் வேணாம், விரட்டியும் விடவேணாம்.

1913லயே எடிசன், ஸ்கூல்ல புக்குக்கு சீக்கிரமே வேலை இருக்காது, எல்லாத்தையும் சினிமாவே சொல்லிக்குடுத்துடும்னாரு. அப்புறம் ரேடியோ, டிவி, 1950கள்ல அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரோட டீச்சிங் மெஷின் (கேள்வி கேட்டு, போட்ட விடை சரியான்னு உடனே காட்டுற பெட்டி)னு வரிசையா வந்துச்சு, புக்கு இன்னும் பையிலதான் இருக்கு. பெரு நாட்டுல பசங்களுக்கு லட்சக்கணக்குல லேப்டாப் குடுத்தாங்க, 2012ல வந்த ஆய்வுல கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் பெருசா ஒரு வித்தியாசமும் தெரியல. அதனால "இது வேற, இது நிஜமாவே மாத்திடும்"னு யாராவது சொன்னா, எதை மாத்தும்னு கேளுங்க.

டெமோவுல அவங்க காட்டுறத மட்டும் பாத்துட்டு வராதீங்க, நீங்களே தப்பா விடை போட்டுப் பாருங்க. அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டி 2/5னு டைப் பண்ணுங்க. மேல இருக்கறத மேலயும் கீழ இருக்கறத கீழயும் கூட்டிட்டு பசங்க வழக்கமா பண்ற தப்பு இது, நல்ல டீச்சர் பாத்த உடனே பிடிச்சுடுவாங்க, "அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படிப்பா அரையவிட கம்மியாகும்"னு கேப்பாங்க. ஆப் என்ன பண்ணுது? சிவப்பு பெருக்கல் குறி போட்டுட்டு அடுத்த கணக்குக்கு தாவுதா? ஏஐன்னா விடைய அப்படியே ஊட்டி விடுதா? பாதி ஆப் இங்கயே அவுட் ஆயிடும்.

இதுல தேறினா ஒரே ஒரு பாடத்துக்கு ட்ரை பண்ணுங்க. அதே டீச்சர், ரெண்டு செக்ஷன், ஒண்ணுல இது, இன்னொண்ணுல வழக்கம்போல, ரெண்டுக்கும் பயிற்சி நேரம் சமமா இருக்கணும் (இல்லேன்னா மார்க் ஏறினது மெஷினாலயா கூட போட்ட கணக்காலயான்னு தெரியாது). முதல் வாரம் பசங்க துள்ளுறத கணக்குல எடுக்காதீங்க, எது புதுசா வந்தாலும் துள்ளத்தான் செய்வாங்க. ரெண்டு வாரம் விட்டு, எந்த மெஷினும் இல்லாம பேப்பர்ல டெஸ்ட் வைங்க. பாஸ்வேர்ட் மறந்தது, சார்ஜ் இல்லாதது, நெட் சுத்திட்டே இருந்ததுன்னு பீரியட்ல எத்தனை நிமிஷம் போச்சுன்னும் குறிச்சு வைங்க, இத எந்த சேல்ஸ்காரரும் சொல்லமாட்டாரு.

மார்க் நல்லா வந்தா தாராளமா வாங்குங்க, ஆனா அந்த பாடத்துக்கு மட்டும். "மூணு வருஷத்துக்கு சேத்து கையெழுத்து போட்டா டிஸ்கவுன்ட்"னு சொன்னா, நடுவுல நிறுத்தினா பணம் திரும்ப வருமா, பசங்க டேட்டாவ அழிப்பாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.