பழைய பித்தளைச் சுவர்த்தட்டு: வயதும் வேலையும் அறிவது எப்படி?

வாங்கிய கையோடு புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். பள்ளங்களில் படிந்த கறுப்பு, விளிம்பில் காய்ந்துபோன பழைய பொலிஷின் வெள்ளை, ஆணித் துளையைச் சுற்றிய நிறம் எல்லாம் சாட்சிகள். புளியும் தேசிக்காயும் அவற்றை அழித்துவிடும். பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அமிலம் முதலில் அரிப்பதால் செம்புச் சிவப்பும் திட்டுத்திட்டாக வெளிப்படும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பிறகு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பார்க்கவேண்டியதில் பெரும்பங்கு முதுகில்தான் இருக்கிறது.

முதலில் உலோகம். காந்தத்தைத் தட்டின் நடுவில் வையுங்கள். ஒட்டினால் அது பித்தளைப் பூச்சிட்ட இரும்பு. விளிம்பில் மட்டும் ஒட்டினால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்: தகட்டை வளைத்து மடிக்கும்போது உறுதிக்காக உள்ளே இரும்புக் கம்பி வைப்பதுண்டு.

காந்தம் ஒட்டாவிட்டாலும் சந்தேகம் இருந்தால், சமையலறை டிஜிட்டல் தராசு போதும். மரச்சட்டம் இருந்தால் கழற்றிவிட்டுத் தட்டை நிறுங்கள். அடுத்து ஒரு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, தட்டை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக அமிழ்த்துங்கள். அப்போது காட்டும் கிராம்தான் கனவளவு. 850 கிராம் தட்டு 100 காட்டினால் அடர்த்தி 8.5, பித்தளை ஏறத்தாழ 8.4 முதல் 8.7 வரை வரும். துத்தநாகக் கலவை வார்ப்பு 6.7 அளவில் நிற்கும், அலுமினியம் 2.7தான். மடித்த விளிம்புக்குள் காற்று அடைபட்டால் அடர்த்தி குறைவாகத் தெரியும்; தட்டைச் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். கம்பி வைத்த விளிம்பானால் கணக்கு சற்றுக் கீழே இறங்கும்.

வேலையை அறிவதற்கு டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கையால் தட்டி எழுப்பிய தட்டில், முன்னால் மேடாக இருப்பது பின்னால் குழியாக இருக்கும். குழிக்குள் உளிமுனை பதிந்த சின்னச் சின்ன அடையாளங்கள் ஒழுங்கில்லாமல் தெரியும். மிக உயர்ந்த இடத்தில், யானையின் மத்தகத்தில் என்று வையுங்கள், தகடு மெலிந்து மயிர்க்கோட்டு வெடிப்பும் இருக்கலாம். அச்சில் அழுத்தியதிலும் பின்பக்கம் குழிதான், ஆனால் உளியடி இராது. பூவிதழ்களை வேர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள்: கைவேலையில் இதழுக்கு இதழ் மாறும், அச்சில் மாறாது. வார்ப்பில் முதுகு முன்பக்கத்தைப் பின்தொடராது. மணல் அச்சின் சொரசொரப்பும், ஓரத்தில் அரத்தால் ராவிய கோடுகளும் இருக்கும். ஒரே மையத்தைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடுகள் ஓடினால் அது கடைசலில் சுழற்றியது. அதிகம் குழப்புவது கலப்பு வேலை: உருவம் அச்சில் விழுந்திருக்கும், கோடுகளை மட்டும் கையால் வெட்டியிருப்பார்கள். முன்பக்கத்து உளிக்கோட்டைக் கண்டவுடன் முழுக் கைவேலை என்று விலை பேசுவது இதனால்தான் நட்டம்.

சந்திரவட்டக்கல் எனும் அரைவட்டப் படிக்கல், அன்னம், பெரஹரா ஊர்வல யானை ஆகிய உருவங்கள் கண்டிப் பக்கம், பிலிமத்தலாவைப் பித்தளை வேலையில் இன்றும் வருகின்றன. உருவத்தை வைத்து வயது சொல்ல முடியாது.

வயதுக்கு எழுத்து உதவும். ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மே 22க்கு முந்தியது. அன்றுதான் நாடு ஸ்ரீலங்கா ஆனது. பழைய பெயரைப் பின்னரும் அலங்காரமாகப் பொறித்தார்கள் என்பதால், எழுத்தின் பள்ளத்திலும் சுற்றியுள்ள பரப்பிலும் ஒரே கறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஸ்ரீலங்கா’ என்றிருந்தால் அந்தப் பொறிப்பு பெரும்பாலும் அந்த நாளுக்குப் பிந்தியது. தமிழ்ப் பொறிப்பில் முன்னும் பின்னும் ‘இலங்கை’தான், அதனால் துப்பு கிடைக்காது. யானைத் தும்பிக்கை போன்ற பழைய லை, னை எழுத்துகளையும் அளவுகோலாக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1978இல் மாறியவை இங்கே உடனே மாறவில்லை. நட்சத்திரத் தலைத் திருகாணி (தலையில் + வடிவப் பள்ளமுள்ளது) பரவியது 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். அது பின்னர் மாற்றியதாகவும் இருக்கலாம் என்பதால், அதன் கீழுள்ள மரத்தில் இன்னொரு துளைத் தடம் உண்டா என்று தேடுங்கள்.

பச்சைக் களிம்பைப் பார்த்து ‘நூறு வருஷச் சாமான்’ என்று சொல்வதை நம்பவேண்டாம். கல்லடியிலோ அக்கரைப்பற்றிலோ கடற்கரையோர வீட்டில் தொங்கிய தட்டு, உப்புக்காற்றில் சில வருடங்களிலேயே பச்சை பிடிக்கும். 2004 சுனாமி வெள்ளத்தில் கிடந்தவற்றில் மடித்த விளிம்புக்குள் மணலும் உப்பும் இன்னும் சிக்கியிருக்கலாம். ஊசியால் கிளறினால் உதிரும். துடைத்தும் சில நாளில் அதே இடத்தில் வெளிர்பச்சைத் தூள் திரும்பினால் உப்பிலிருந்து வந்த குளோரைட்டு உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து நன்றாக உலர்த்துங்கள், மற்றப் பித்தளைகளிலிருந்து பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்துடன் மூடிவையுங்கள்.