‘பை’ எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

“ஐ வில் ஃபினிஷ் த வர்க் பை டூ டேஸ்.” மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அலுவலக மின்னஞ்சல்களில் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கும். எழுதியவர் சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவராகவும் இருக்கலாம். அவர் மனதில் ஓடியது, “இரண்டு நாளைக்குள் முடித்துத் தருகிறேன்” என்ற தமிழ். அந்தக் “க்குள்” வந்தவுடன் கை தானாக “பை” (by) என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டது. இந்தச் சொல்லில் நாம் விடும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படி வருபவைதான். ஒரு தமிழ் உருபுக்கு ஒரு ஆங்கிலச் சொல் என்று சின்ன வயதில் சோடி கட்டி வைத்திருக்கிறோம். “பை” அந்தச் சோடிக்குள் அடங்காத சொல்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். சேதம் அதிகம் வருவது இங்கேதான்.

தமிழின் “க்குள்” ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. நாட்காட்டியிலோ மணிக்கூட்டிலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு புள்ளி என்றால் “பை”: “பை ஃபிரைடே”, “பை ஃபைவ் ஓ’க்ளொக்”, “பை த எண்ட் ஒஃப் ஜூன்”. எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் என்று கால அளவைச் சொன்னால் “வித்தின்”, அல்லது வெறும் “இன்”: “வித்தின் டூ டேஸ்”. இரண்டு நாள் என்பது அளவு. ஆகவே அங்கே “பை”க்கு இடமில்லை.

அடுத்தது “வரை”. “ஐ வில் பி இன் அக்கரைப்பற்று பை சண்டே” என்று ஒருவர் எழுதுகிறார். ஞாயிறு வரை அங்கே தங்கியிருப்பேன் என்பது அவர் சொல்ல நினைத்தது. வாசிப்பவருக்கோ, ஞாயிற்றுக்கிழமைக்குள் அங்கே வந்து சேர்ந்துவிடுவார் என்று விளங்கும். பொருளே முழுக்க மாறிவிட்டது. ஒரு தரம் நடந்து முடிகிற காரியத்துக்கு “பை”. தொடர்ந்து நீள்கிற நிலைமைக்கு “அண்டில்” அல்லது “டில்”. பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் பிள்ளை, மாலை ஏழு மணி வரை நீச்சல் தடாகம் திறந்திருக்கும் என்று சொல்ல நினைத்து, “த பூல் வில் பி ஓபன் பை செவன்” என்று சொன்னால், எப்படியும் ஏழு மணிக்குள் திறந்துவிடுவார்கள் என்றுதான் விருந்தினர் நினைப்பார். மறுநாள் விடிய ஏழு மணிக்குத் துவாயோடு வந்து நிற்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொன்று, நமது “எட்டு மணி போல”. “ஐ வில் கம் பை எய்ட்” என்பதை அந்த அர்த்தத்தில் சொல்பவர்கள் நிறையப் பேர். எட்டேகால் என்றாலும் பரவாயில்லை என்ற தாராளம் “எட்டு மணி போல”வில் உண்டு. “பை எய்ட்”டில் கிடையாது. எட்டு அடிக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தாராளம் வேண்டுமென்றால் “அரவுண்ட் எய்ட்” என்று சொல்லுங்கள்.

விண்ணப்பங்களில் கவனிக்க வேண்டிய ஒரு விடயமும் இருக்கிறது. “பை த ஃபிஃப்டீன்த்” என்றால் பதினைந்தாம் திகதியும் சேர்த்துத்தான். “பிஃபோர் த ஃபிஃப்டீன்த்” என்றால் பதினான்கோடு சரி. அரச விளம்பரங்களில் “ஒன் ஓர் பிஃபோர்” என்று நீட்டி எழுதுவது இந்தச் சந்தேகமே வராமல் இருக்கத்தான். அதே விளம்பரத்தில் “பை ரெஜிஸ்டர்ட் போஸ்ட்” என்றும் இருக்கும். அந்தப் “பை” பதிவுத் தபால் மூலம் என்பதைச் சொல்கிறது. அப்புறம், “ரீச்” என்ற வினைச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் திகதிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். அன்று பின்னேரம் களுவாஞ்சிக்குடித் தபாலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதாது.

பயணத்துக்கு வருவோம். “பை பஸ்”, “பை ட்ரெயின்”, “பை பைசிக்கிள்” எல்லாம் சரி. வாகனத்தின் பெயருக்கு முன்னால் வேறொரு சொல் வந்து உட்கார்ந்தால்தான் பிழையாகிறது. “ஐ கேம் பை மை பைக்” என்று சொல்வதில்லை. “ஒன் மை பைக்”. கொழும்புக்குப் போனது “பை ட்ரெயின்”, ஆனால் “ஒன் த உதயதேவி”. காருக்கு “இன் மை கார்”. எந்த வகையான வாகனம் என்று பொதுவாகச் சொல்லும்போது மட்டும் “பை”. இன்னாருடையது, இத்தனை மணிக்குப் போவது என்று குறிப்பாகச் சொன்னால் “ஒன்” அல்லது “இன்”. நடந்து வந்ததற்கு “பை வோக்” கிடையவே கிடையாது, “ஒன் ஃபுட்”.

இங்கே ஒரு குட்டி “த” என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். “பை சீ” என்றால் கடல் வழியாக. “பை த சீ” என்றால் கடலோரத்தில். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருளே பக்கத்தில், அருகில் என்பதுதான். அது இன்னும் சாகவில்லை. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் இலங்கைக்கு வந்தது “பை சீ”. அதே ஆண்டில் மட்டக்களப்பில் அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஆகவே “ஃபவுண்டட் பை வில்லியம் ஓல்ட்”. கல்லூரி நிற்கும் புளியந்தீவோ வாவியோரம், “பை த லகூன்”. ஒரே ஆளைப் பற்றிய மூன்று செய்தி, மூன்று “பை”. தமிழில் அவற்றை வழியாக, ஆல், ஓரம் என்று மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “ஐ லிவ் பை சீ” என்று “த” இல்லாமல் எழுதினால் வாசிப்பவர் கொஞ்சம் முழிப்பார்.

சந்தையில் இது தலைகீழாகும். மீன் விற்பது “பை த கிலோ”, முட்டை “பை த டசின்”, வயலில் நாட்கூலிக்கு நிற்பவருக்குச் சம்பளம் “பை த டே”. இங்கே “த” இல்லாவிட்டால் பிழை. ஆனால் “பை வெயிட்” என்று பொதுவாகச் சொல்லும்போது “த” வராது. வாகனத்துக்கு “த” வேண்டாம், விற்கும் அலகுக்கு வேண்டும் என்ற மட்டில் நினைவு வைத்துக்கொண்டால் அன்றாடத்துக்குப் போதும்.

இனி “ஆல்”. யாழ் நூலை விபுலாநந்த அடிகள் எழுதினார், 1947இல் அது அரங்கேறியது. “ரிட்டன் பை சுவாமி விபுலாநந்தா” என்பதில் சிக்கல் இல்லை. ஆனால் தமிழில் அடிகளாராலும் எழுதலாம், பேனையாலும் எழுதலாம். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. செய்தவருக்கு “பை”, கையில் இருந்த கருவிக்கு “வித்”. மரத்தைக் கோடரியால் வெட்டினார்கள் என்பதற்கு “வோஸ் கட் வித் என் அக்ஸ்”. அங்கே “பை” போட்டால், கோடரி தானே எழும்பிப் போய் வெட்டியது மாதிரி ஒலிக்கும். தண்ணீரால் நிரம்பியது “ஃபில்ட் வித்”. காய்ச்சலால் இறந்தார் “டைட் ஒஃப்”. வெள்ளத்தாலோ சுனாமியாலோ பாதிக்கப்பட்ட ஊரை மட்டும் தாராளமாக “அஃபெக்டட் பை” என்று எழுதலாம்.

படத்துக்குக் கீழே குறிப்பு எழுதும்போதும் கவனம். காரைதீவிலோ கல்லடியிலோ உள்ள அடிகளாரின் படத்தைப் பற்றி “எ போர்ட்ரெயிட் பை சுவாமி விபுலாநந்தா” என்று எழுதினால், அவர் வரைந்த படம் என்று ஆகிவிடும். அவருடைய உருவம் என்றால் “ஒஃப்”.

தொகையிலும் விலையிலும் இந்தச் சொல் கணக்கையே மாற்றும். ஒரு மூடை நெல் ஆறாயிரம் ரூபாய் விற்றது என்று வைத்துக்கொள்வோம். “ஃபெல் பை வன் தௌசண்ட்” என்றால் ஆயிரம் ரூபாயால் குறைந்து ஐயாயிரம் ஆகிவிட்டது. “ஃபெல் டு வன் தௌசண்ட்” என்றால் வெறும் ஆயிரத்துக்கே இறங்கிவிட்டது. சம்மாந்துறை விவசாயி தலையில் கைவைக்க வேண்டியதுதான். ஆயிரத்தால், ஆயிரத்துக்கு என்று தமிழே இங்கே அழகாக வழிகாட்டுகிறது. இருந்தும், திட்ட அறிக்கைகளில் இந்த இரண்டும் இடம்மாறிக் கிடப்பது எனக்கு இன்னும் விளங்காத சங்கதி. நிதி கொடுப்பவர் முதலில் பார்ப்பதே அந்த வரியைத்தான்.

அளவு சொல்வது லேசு. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்பது “டென் பை டுவெல்வ்”. ஆனால் முக்காலை “திரீ பை ஃபோர்” என்று வாசிக்கும் பழக்கம் தெற்காசியாவுக்கு வெளியே எடுபடாது. “திரீ குவாட்டர்ஸ்” என்று சொல்லிவிடுங்கள்.

“பைஹார்ட்” என்று ஒரு வினைச்சொல்லையே நாம் உண்டாக்கி வைத்திருக்கிறோம். “ஐ பைஹார்ட்டட் த எஸ்ஸே” என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், சில வேளை ஆசிரியர்களும். “லேர்ன் பை ஹார்ட்” என்பதே முழு வடிவம். “லேர்ன்” இல்லாமல் அது நிற்காது. கடந்த காலத்துக்கு “லேர்ன்ட் இட் பை ஹார்ட்”. “பை மிஸ்டேக்”, “பை சான்ஸ்” இரண்டும் சரி, “பை மிஸ்டேக்லி” என்று ஒன்று இல்லை. “பை அண்ட் லார்ஜ்” என்றால் பொதுவாகப் பார்த்தால் என்று பொருள். அது பாய்க்கப்பல்காரர் பேச்சிலிருந்து வந்தது: காற்றை முடிந்தளவு எதிர்த்து ஓடுவது ஒன்று, காற்று பின்னாலிருந்து தள்ள ஓடுவது மற்றது, இரண்டையும் சேர்த்துச் சொன்னதுதான் அந்தத் தொடர்.

கடைசியாக “பை மைசெல்ஃப்”. இதற்குத் தனியாக, யாருடைய துணையும் இல்லாமல் என்று அர்த்தம். “ஐ ஃபில்ட் இன் த ஃபோர்ம் பை மைசெல்ஃப்” என்றால், ஒருவரிடமும் கேட்காமல் நானே நிரப்பினேன். பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதங்களில் “த ஃபோர்ம் வோஸ் ஃபில்ட் பை மைசெல்ஃப்” என்று வருகிறதே, அதில் மரியாதை கூடுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். கூடுவதில்லை. “ஃபில்ட் இன் பை மீ” என்று எழுதிக் கையொப்பம் வைத்தால் சரி.