சிவப்பு மூடிப் போத்தலும் முப்பது கட்டங்களும்: பிள்ளைகளுக்குச் சேமிக்கப் பழக்கும் செய்முறை

என் மகள் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் கேட்டாள். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் கடைத்தெருவில் அவள் கைகாட்டிய சைக்கிளின் விலை 350 வெள்ளி, அதாவது 350 ரிங்கிட். "நீயே காசு சேர்த்து வாங்கிக்கொள்" என்று சொல்லி, காலி மைலோ டின் ஒன்றின் மூடியில் கத்தியால் கீறிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து டின்னைத் திறந்து கவிழ்த்தபோது இரண்டு வெள்ளி நாற்பது காசும் ஒரு ரப்பர் வளையமும் விழுந்தன. பிள்ளையைக் கடிந்துகொண்டேன். அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அவளைக் கடிந்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. நாளுக்கு 50 காசு வீதம் தவறாமல் போட்டாலும் 350 வெள்ளி சேர 700 பள்ளி நாள் ஆகும். விடுமுறைகளைக் கழித்தால் அவள் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் சைக்கிள் வீட்டுக்கு வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு தூரம் கண்ணுக்கு எட்டாது.

அதன்பின் மகளோடும், இரண்டாம் ஆண்டில் இருந்த மகனோடும் ஏறத்தாழ ஓராண்டு தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நாணயங்களை அடையாளம் காண்பது, கூட்டல் கழித்தல் போன்றவற்றை விளக்கப்போவதில்லை. அவை பள்ளியிலேயே வந்துவிடும்.

தேவையானவை

தீபாவளி முறுக்கு அடைத்து வரும், சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல் ஒன்று. கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தின் ஒரு தாள். ஒரு வண்ணப் பென்சில். பள்ளி விடுமுறைகள் குறித்திருக்கும் நாட்காட்டி. எங்கள் வீட்டில் தொங்குவது குதிரைப் படம் போட்ட நாட்காட்டிதான். இவ்வளவு போதும்.

மண் உண்டியலையும் பன்றி பொம்மை உண்டியலையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாத எதுவும் இந்த வேலைக்கு உதவாது, மைலோ டின் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். கைப்பேசிச் செயலிகளையும் இரண்டு மாதம் முயன்று விட்டுவிட்டேன். திரையில் எண் கூடுவதைப் பார்த்து என் மகனுக்கு எந்த மகிழ்ச்சியும் வரவில்லை. போத்தலைக் குலுக்கினால் வரும் ஓசைதான் அவனுக்குச் சேமிப்பு. செலவுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, தருமத்துக்கு ஒன்று என்று மூன்று போத்தல் வைக்கும் முறை பெரிய பிள்ளைகளுக்குச் சரிவரலாம். நாளுக்கு 50 காசு போடும் பிள்ளை அதை மூன்றாகப் பிரித்தால் எதுவுமே நிறையாது. வெள்ளிக்கிழமை கோயில் உண்டியலுக்கு உரியதை நாங்கள் தனியாகக் கொடுத்துவிடுகிறோம்.

முதல் படி: பொருளைப் பார்த்துவிட்டு வாருங்கள்

வீட்டில் உட்கார்ந்து "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் பிள்ளை வானத்தில் உள்ளதையெல்லாம் கேட்கும். கடைக்கு அழைத்துச் சென்று, பொருளைக் கையில் எடுக்கச் செய்து, விலைச்சீட்டைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். 14 வெள்ளி 99 காசு என்றிருந்தால் அதைப் பதினைந்து என்றே எழுதச் சொல்லுங்கள். 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகச் செலுத்தும்போது மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்துவிடுவதால் அந்த ஒரு காசு கையில் திரும்பி வராது. என் மகள் எடுத்தது 15 வெள்ளி வண்ணப் பென்சில் பெட்டி. மகன் இரவுச் சந்தையில் 6 வெள்ளிப் பட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தான். ஒரு வெள்ளித் தாளின் பின்பக்கத்தில் இருக்கும் வாவ் பட்டத்தை அவனுக்குக் காட்டி, "இதைப் போல ஆறு சேர்ந்தால் அது உனக்கு" என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியம் அதுவரை நான் கொடுத்த எல்லா விளக்கத்தையும் விட அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

இரண்டாவது படி: இலக்கை நாளாக மாற்றுங்கள்

நான் இடறி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

முதல் இலக்கு முப்பது பள்ளி நாளுக்குள் முடிய வேண்டும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் அதற்கு மேல் நான் கேட்பதில்லை. மகளுக்கு அன்றாடக் கைச்செலவு 3 வெள்ளி, அதில் 50 காசு சேமிப்பு. 15 வெள்ளியை 50 காசால் வகுத்தால் சரியாக முப்பது. மகனுக்கு நாளுக்கு 2 வெள்ளி, அதில் 20 காசு. அவனுடைய 6 வெள்ளிக்கும் முப்பது நாள்தான். வகுத்து வரும் விடை முப்பதைத் தாண்டினால் பொருளைச் சிறிதாக்குங்கள், அல்லது மிச்சத்தை நீங்கள் போடுவதாக முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு வெள்ளி போடச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளை கேண்டீனில் நாசி லெமாக் வாங்காமல் பட்டினியாக இருந்து சேமிக்கத் தொடங்கிவிடும்; எங்கள் வீட்டில் ஒரு வாரம் அப்படி நடந்து, வகுப்பாசிரியை அழைத்துச் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது.

விடை கிடைத்ததும் கட்டத்தாளில் குறுக்கே ஐந்து, கீழே ஆறு என்று கோடு போடுங்கள். ஐந்து கட்டம் ஐந்து பள்ளி நாளுக்கு, ஆறு வரிசை ஆறு வாரத்துக்கு. தாளின் தலைப்பில் என்ன பொருள், எவ்வளவு விலை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் பிள்ளையின் கையெழுத்தில் எழுத வையுங்கள். தேதியை நாட்காட்டியில் வட்டமிடும்போது நடுவில் வரும் விடுமுறை வாரங்களைத் தாண்டி எண்ண வேண்டும். நான் அதை மறந்து, வட்டமிட்ட நாளன்று கட்டம் நிறையாமல், மகளின் அழுகையைச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

நாளுக்கு 50 காசு போட்டு என்ன ஆகப்போகிறது என்று மகள் ஒருமுறை கேட்டாள். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, 100 வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று பால்மரத் தொழிலாளர்களிடம், அவர்கள் குடியிருந்த லயம் லயமாகச் சென்று கேட்டார். அந்தப் பத்து வெள்ளிகளால்தான் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. என் மாமியார் இதை அவளுக்குச் சொல்லிவிட்டு, "அவுங்களும் கட்டம் கட்டமாத்தான் கட்டுனாங்க" என்று முடித்தார். தோட்டம் எப்படியிருக்கும் என்று 50 வெள்ளித் தாளின் பின்பக்கத்துச் செம்பனை மரங்களை எடுத்துக் காட்டியதும் அவர்தான்.

மூன்றாவது படி: சில்லறையை ஞாயிற்றுக்கிழமையே பிரித்து வையுங்கள்

"செலவு போக மிஞ்சியதைப் போடு" என்று சொல்லிய வரையில் எங்கள் போத்தலில் எதுவும் விழவில்லை, ஏனென்றால் கேண்டீனில் எதுவும் மிஞ்சாது. மூன்று ஒரு வெள்ளித் தாளாகக் கொடுத்தால் பிள்ளையால் அதைப் பிரிக்கவும் முடியாது. ஆகவே ஞாயிறு மாலை மளிகைக் கடையில் வாரத்துக்கு வேண்டிய சில்லறையை மாற்றி வைத்துவிடுகிறேன். மகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஒரு வெள்ளித் தாளும் இரண்டு 50 காசும், மகனுக்கு ஒரு வெள்ளித் தாளும் ஐந்து 20 காசும். காலையில் காசு கைக்கு வந்ததும் முதலில் போத்தலில் ஒன்று விழ வேண்டும், கட்டத்தில் ஒன்று வண்ணம் பூச வேண்டும், அதன்பிறகே பள்ளி வேன்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு கவனிப்பு. 2012இல் வந்த 20 காசும் 50 காசும் பொன்னிறமாகவே இருப்பதால் என் மகன் இரண்டு நாள் மாற்றிப் போட்டுவிட்டான். 50 காசு சற்றுப் பெரியது, விளிம்பிலும் இடைவிட்டு இடைவிட்டுப் பள்ளம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கும் விளையாட்டாக அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

நான்காவது படி: போத்தலில் கை வைக்காதீர்கள்

இது பிள்ளைகளுக்கான படி அன்று. ஒரு சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் வாசலில் ஹார்ன் அடித்தபோது என்னிடம் 50 வெள்ளித் தாள் மட்டுமே இருந்தது. மகளின் போத்தலிலிருந்து பத்து 50 காசுகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் திருப்பிப் போடலாம் என்றிருந்தேன், மறந்துபோனேன். செவ்வாய்க்கிழமை இரவு அவள் காசுகளைத் தரையில் கொட்டி, இரண்டிரண்டாக அடுக்கி எண்ணினாள். மீண்டும் ஒருமுறை எண்ணினாள். பிறகு தாளை எடுத்து வந்து என் மடியில் வைத்து, "அம்மா, இருபத்திரண்டு கட்டம் பூசியிருக்கேன். ஆறு வெள்ளிதான் இருக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை. தான்தான் தவறாக எண்ணிவிட்டோமோ என்ற சந்தேகம்தான் இருந்தது.

அன்றே பணத்தைத் திருப்பி வைத்தேன். அதற்கு அடுத்த வாரமும் அவள் காலையில் காசைப் போடுமுன் போத்தலை எண்ணிப் பார்த்தாள். இப்போது எங்கள் வீட்டில் பெரியவர்கள் கடன் கேட்க வேண்டும், பிள்ளை சம்மதிக்க வேண்டும், தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் எழுதிய துண்டுச்சீட்டைப் போத்தலுக்குள் போட வேண்டும், தேதி தவறினால் 50 காசு அபராதம். என் கணவர் இதுவரை இருமுறை அபராதம் கட்டியிருக்கிறார்.

ஐந்தாவது படி: வாங்கும் நாள்

கட்டம் நிறைந்த வாரத்திலேயே கடைக்குப் போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கல்லாவில் பிள்ளையே எண்ணிக் கொடுக்கட்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள், பொருட்படுத்த வேண்டாம். கூட்டமில்லாத பிற்பகல் வேளையாகப் பார்த்துப் போனால் கடைக்காரருக்கும் சிரமம் இராது.

வங்கிக்குப் போகும்போது

இரண்டு மூன்று இலக்குகள் முடிந்து, பெரிய இலக்கு ஒன்றைப் பிள்ளையே கேட்கும்போதுதான் வங்கிக் கணக்கு தேவைப்படும். அதற்கு முன் திறந்தால் பிள்ளையைப் பொறுத்தவரை காசு காணாமல் போனதாகவே அர்த்தம். அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் வழிவந்து 1974 முதல் இயங்கும் பேங்க் சிம்பானான் நேஷனல் போன்றவற்றில், பெற்றோரில் ஒருவர் பொறுப்பேற்றுப் பிள்ளைக்குக் கணக்குத் திறக்கலாம். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பிள்ளைகளுக்கான அடையாள அட்டையான மைகிட், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். காப்புறுதி பெற்ற வங்கிகளில் ஒருவரின் வைப்புத்தொகைக்கு 250,000 வெள்ளி வரை பி.ஐ.டி.எம். என்னும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு, எனவே "வங்கி மூடினால் என் காசு என்னாகும்" என்று கேட்கும் பிள்ளைக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்.

போத்தலோடு நேரே முகப்புக்குப் போகாதீர்கள். நான் அப்படிப் போய், நாணயங்களை எண்ணி வாங்க அன்று ஆளில்லை என்று ஒரு கிளையில் திருப்பி அனுப்பப்பட்டேன். மகள் போத்தலை மடியில் அணைத்துக்கொண்டே வீடு திரும்பினாள். முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டு, நாணயங்களை வகைவாரியாகப் பிரித்துப் பையில் கட்டிக்கொண்டு போங்கள். அதைவிட எளிது, சில்லறை எப்போதும் தேவைப்படும் மளிகைக் கடையில் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொள்வது.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்த ஒரு வாசகி, தன் மகனின் தாளில் பதினெட்டுக் கட்டம் பூசியிருக்க, போத்தலில் பதினான்கு வெள்ளி இருப்பதாக எழுதியிருந்தார். அவனும் நாளுக்கு 50 காசு போடுபவன், ஒன்பது வெள்ளிதான் இருக்க வேண்டும். விசாரித்தால், பேரன்மேல் இரக்கப்பட்டுப் பாட்டி இரவில் நோட்டைச் செருகி வந்திருக்கிறார்! பாட்டிகளைத் தடுக்க முடியாது. அவர்களுக்கென்று தனி நிறப் பென்சில் கொடுத்து, போட்ட தொகைக்கான கட்டத்தை அவர்களே பூசும்படி செய்துவிடுங்கள்.

தீபாவளி அங்பாவ், அதாவது பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பண உறை, பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அண்டை வீடுகளிலிருந்து உறைகள் வருகின்றன. பாதி போத்தலுக்கு, பாதி அவர்கள் விருப்பத்துக்கு என்று வைத்திருக்கிறோம். மத்தாப்பு வாங்கிக் கொளுத்தினாலும் வாய் திறப்பதில்லை. முழுவதையும் பெற்றோர் வாங்கி "பத்திரமாக" வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பத்திரம் எங்கே போகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

பெரியவர்கள் மாதாமாதம் சேர்ந்து பணம் கட்டி முறைவைத்து எடுக்கும் கூட்டில் பிள்ளை பெயரிலும் ஒரு பங்கு போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவர் தலைமறைவானால் பிள்ளையிடம் சொல்ல உங்களிடம் பதிலும் இராது.

மற்றொருவர், தன் பெயரில் அப்பா திறந்திருந்த பழைய சேமிப்புப் புத்தகத்தை வங்கிக்குக் கொண்டுபோனபோது கணக்கில் பணம் இல்லை என்றார்களாம். ஏழு ஆண்டு எந்தப் பரிவர்த்தனையும் நடக்காத சேமிப்புக் கணக்கின் பணம், 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமை கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் சென்றுவிடும். ஆதாரத்துடன் விண்ணப்பித்தால் திரும்பப் பெறலாம். பிள்ளையின் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறை பிறந்தநாளன்று பத்து வெள்ளியாவது போட்டுவிடுங்கள்.

சைக்கிள் என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: பென்சில் பெட்டிக்குப் பிறகு 45 வெள்ளி பூப்பந்து மட்டை, அதன்பின் சைக்கிள். முப்பது கட்டத் தாள்களாகவே அதையும் பிரித்திருக்கிறோம், ஒரு தாளுக்கு 15 வெள்ளி. நான்கு தாள் நிறைந்துவிட்டது, அங்பாவில் 58 வெள்ளி வந்தது, ஆக 118. மீதி 232 வெள்ளியில் பாதியை அப்பா போடுவதாகக் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று போத்தலுக்குள் கிடக்கிறது, தேதியோடு.